சென்னைப் பல்கலைக் கழகம்: தேர்வு மன்றமும் ஆராய்ச்சிக் கழகமும்

பல்கலைக் கழகம் என்னும் தொடர் இக்காலத்தே யாவர்க்கும் பழகிய ஒன்று. ஆயினும், அத்தொடரில் அமைந்துள்ள கழகம் என்னும் சொல்லின் வரலாறு எண்ணத்தக்கது. திருவள்ளுவர் சூதாடும் இடத்தைக் குறிக்க அச்சொல்லை ஆண்டார். கம்பரோ நாட்டுப் படலத்தில் கலை பயிலும் இடத்துக்கு அதனை வழங்கினார். ஒரே சொல் இவ்விரண்டனையும் சுட்டி வந்துள்ளமையின், பலர் ஒருங்கு கூடும் இடம் என்பதே இவ்விரு வழக்கிற்கும் பொதுவான பொருள் எனலாம். கூடியோர் ஆற்றும் தொழிலே அவ்விடத்திற்குப் பெருமையையோ சிறுமையையோ தருகின்றது.

பல்கலைக் கழகம் என்னும் பெயர் நிலைபெறுமுன் சர்வகலாசாலை என்பதே தமிழ் நூல்களிலும் இதழ்களிலும் பெருவழக்காய் இருந்தது. எல்லாக் கலைகளும் கற்பிக்கப்பெறும் சாலை என்பது அதன் பொருள். இப்பெயரில் ஒரு முரண்பாடு உளது. சென்னைச் சர்வகலாசாலை என மக்கள் வழங்கிய அந்நிறுவனம், தோன்றிய நாளிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் எந்தக் கலையையும் தானே கற்பித்ததில்லை. அது தேர்வு நடத்திற்று. தேறியவர்க்குப் பட்டம் அளித்தது. சாலை என்னும் பெயருக்கும் மன்றம் என்னும் தொழிலுக்கும் இடையே இருந்த இவ்வேறுபாடே அப்பல்கலைக் கழகத்தின் இயல்பினை அறிதற்கு ஏற்ற வாயில் ஆகும். அவ்வியல்பு எவ்வாறு அமைந்தது, எவ்வாறு மாறிற்று, தமிழாய்வின் போக்கினை அஃது எவ்வாறு வகுத்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தோற்றம்

சென்னை மாகாணத்தில் உயர்கல்வி வேண்டும் என்னும் வேட்கை அரசினர் ஆணையால் மட்டும் எழுந்ததன்று. 1839ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள், எழுபதினாயிரம் பேர் கையொப்பம் இட்ட விண்ணப்பம் ஒன்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பெருமகனாரிடம் அளிக்கப்பெற்றது. அரசின் தலைமை வழக்குரைஞராய் இருந்த சார்ச்சு நார்ட்டன் அதனை அளித்தார். சென்னையில் ஆங்கிலக் கல்லூரி ஒன்று அமைத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். எழுத்தறிந்தோர் தொகை மிகக் குறைவாய் இருந்த அக்காலத்தில் இத்துணைப் பேர் ஒப்பமிட்டமை வியத்தற்குரியது. இதன் விளைவாக 1841ஆம் ஆண்டில் ஓர் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பெற்றது. அதுவே பின்னர் மாநிலக் கல்லூரியாய் வளர்ந்தது.

1854ஆம் ஆண்டு சார்லசு உட்டு என்பார் விடுத்த கல்வி அறிக்கை, இந்தியாவில் பல்கலைக் கழகங்கள் நிறுவப்பெறல் வேண்டும் என வகுத்தது. அதன்வழி 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக் கழகங்கள் எழுந்தன. சென்னைப் பல்கலைக் கழகச் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் நிறைவேறிற்று. இம்மூன்றனுக்கும் இலண்டன் பல்கலைக் கழகமே முன்மாதிரியாய் அமைந்தது. அக்கால இலண்டன் பல்கலைக் கழகம் கல்லூரி மாணவர்க்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே விளங்கிற்று.

சென்னைச் சட்டத்தின் முகவுரையை நோக்கின் இவ்வியல்பு தெளிவாகும். இலக்கியம், அறிவியல், கலை ஆகிய துறைகளில் திறம் பெற்றோரைத் தேர்வின் வாயிலாகக் கண்டறிதலும், அவர்க்குப் பட்டமளித்துச் சிறப்பித்தலுமே அங்குக் குறிக்கோளாகக் கூறப்பெற்றன. திறத்தை உண்டாக்குதல் கூறப்பெறவில்லை. உண்டான திறத்தைக் கண்டறிதலே கூறப்பெற்றது.

இதற்கு முதற்சான்று பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகளே ஆவர். அவர்கள் சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் எனும் யாழ்ப்பாணத்தார் இருவர். தாமோதரம் பிள்ளை பயின்றது வட்டுக்கோட்டைச் செமினரியில். அங்குப் பெற்ற புலமையை அளந்து பட்டம் தந்தது சென்னை. பின்னாளில் அவர் 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடியும் ஒப்புநோக்கியும் செய்த அப்பெரும்பணிக்குப் பல்கலைக் கழகத்தில் அன்று துறையும் இல்லை, இருக்கையும் இல்லை.

2. அளவுகோலின் ஆற்றல்

தேர்வு மன்றமாய் இருந்தமை குறைபாடு மட்டுமே என்று கொள்ளுதல் பொருந்தாது. ஒரே அளவுகோல் பரந்த நிலப்பரப்பை ஒருங்கிணைத்தது. தெலுங்கு நாடு, கன்னட நாடு, மலையாள நாடு, தமிழ்நாடு ஆகிய நான்கிலும் இருந்த கல்லூரிகள் சென்னைத் தேர்வினை நோக்கியே பாடம் நடத்தின. சுதேச சமத்தானமாகிய திருவிதாங்கூரின் கல்லூரியும் இவ்வரம்பினுள் அடங்கிற்று. மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை சென்னையில் முதுகலைப் பட்டம் பெற்றுத் திருவனந்தபுரத்தில் ஆசிரியராய் விளங்கியமை இப்பரப்பினை உணர்த்தும். எக்கல்லூரியில் பயின்றவரையும், எக்குடியிற் பிறந்தவரையும் ஒரே வினாத்தாள் கொண்டு அளத்தல் அக்காலத்தில் சிறியதொரு மாற்றமன்று.

ஆயினும், அளவுகோலுக்கு ஓர் இயல்பு உண்டு. தன்னால் அளக்கத்தக்கதனையே அது பொருளெனக் கொள்ளும். தமிழிலக்கியக் கல்வியில் இதன் விளைவைக் காணலாம். தேர்வுக்கு வேண்டுவது ஒரு நூலின் பகுதி. நூல் முழுமையும் அன்று. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகம் மட்டும் 1868ஆம் ஆண்டில் போப்பையர் காலத்தவராகிய எச். பௌவர் என்பவரால் அச்சிடப்பெற்றது. கல்லூரித் தமிழுக்கு அவ்வளவே போதுமானதாய் இருந்தது. அக்காப்பியம் முழுவதும் நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவருதற்கு 1887ஆம் ஆண்டுவரை தமிழுலகம் காத்திருக்க நேர்ந்தது. அதனை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற பழைய மரபினர். பல்கலைக் கழகத்தின் எத்தேர்வினையும் எழுதிப் பட்டம் பெறாதவர். தேர்வு இலம்பகம் ஒன்றை வேண்டிற்று. ஆராய்ச்சி பதின்மூன்று இலம்பகங்களையும் வேண்டிற்று. இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. அப்பெரியார்க்கு இப்பல்கலைக் கழகம் 1932ஆம் ஆண்டில் மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. அவர் நூல் வெளிவந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அஃது நிகழ்ந்தது என்பதும் கருதத்தக்கது.

அளவுகோலில் ஒரு பாடம் இடம்பெறாதொழியின் அப்பாடமே கல்லூரிகளில் இடமிழக்கும் என்பதும் இவ்வமைப்பின் இயல்பாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை விலக்கும் கருத்து எழுந்தபோது, சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பரிதிமாற் கலைஞரும், மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதனை எதிர்த்து உழைத்தனர். ஒரு மொழியின் நிலைபேறு பாடத்திட்டக் குழு ஒன்றின் முடிவினைச் சார்ந்து நின்றது என்பதனையே அவர்தம் உழைப்பு காட்டுகின்றது.

3. அளவுக்கு அடங்காத ஒருவர்

இப்பல்கலைக் கழகத்தின் இருவேறு இயல்புகளும் ஒருவர் வரலாற்றில் எதிரெதிரே நிற்கக் காணலாம். அவர் கணித மேதை சீனிவாச இராமாநுசன். கும்பகோணம் கல்லூரியிலும் பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்ற அவர், கணக்கொழிந்த பிற பாடங்களில் மதிப்பெண் பெறாமையால் எப். ஏ. தேர்வில் தவறினார். தேர்வு மன்றத்தின் நோக்கில் அவர் தோல்வியுற்ற மாணவரே ஆவர்.

அதே பல்கலைக் கழகம் 1913ஆம் ஆண்டில், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராய் இருந்த அவருக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. பட்டம் பெறாத ஒருவர்க்கு இத்தொகையை அளித்தல் வழக்காற்றிற்கு மாறானது. காலாண்டுக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை அளித்தல் வேண்டும் என்பதே அவர்க்கு விதிக்கப்பெற்ற கடப்பாடு. 1914ஆம் ஆண்டில் அவர் கேம்பிரிட்சு செல்லுதற்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவியும் கிடைத்தது.

முன்னைய செயலைக் காட்டிப் பல்கலைக் கழகத்தைப் பழிப்பவரும், பின்னைய செயலைக் காட்டிப் புகழ்பவரும் உளர். இரண்டும் ஒரு நிறுவனத்தின் செயல்களே என்பதை மறத்தல் கூடாது. தேர்வு விதி தன் கடமையைச் செய்தது. ஆனால் விதிக்கு அப்பாலும் அறிவு உண்டு என உணர்ந்தோர் சிலர் கழகத்தில் அன்று இருந்தனர். அவர்கள் இல்லாதிருப்பின் விதி ஒன்றே எஞ்சியிருக்கும்.

4. கற்பித்தலும் ஆராய்தலும்

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக் கழகச் சட்டம், பேராசிரியர்களை அமர்த்தவும், நூலகமும் ஆய்வுக்கூடமும் அமைக்கவும், ஆராய்ச்சியை வளர்க்கவும் பல்கலைக் கழகங்களுக்கு உரிமை தந்தது. அதன் பயன் சென்னையில் பத்தாண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. 1914ஆம் ஆண்டில் இந்திய வரலாறும் தொல்பொருளியலும் ஆகிய துறை தோன்ற, எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அதன் முதற் பேராசிரியரானார். அவர்க்குப் பின் 1929இல் அப்பதவியேற்ற கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் கல்வெட்டுகளை அடிப்படையாகக் கொண்டு சோழர் வரலாற்றை எழுதினார்.

பொருளியற் பேராசிரியராய் வந்த கில்பர்ட்டு சிலேட்டர் புதியதோர் நெறி வகுத்தார். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர் தத்தம் ஊரின் நிலம், நீர், குடி, கடன் ஆகியவற்றைக் கணக்கெடுத்து வருமாறு அவர் பணித்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய சிற்றூர்களைப் பற்றிய தொகுப்பு 1918ஆம் ஆண்டில் நூலாய் வெளிவந்தது. பின்வந்தோர் அவ்வூர்களிற் பலவற்றை மீண்டும் ஆய்ந்து மாற்றங்களைக் கண்டறிந்தனர். மாணாக்கன் பிறர் எழுதியதை ஒப்பிக்கும் நிலையிலிருந்து, தன் ஊரைத் தானே நோக்கி எழுதும் நிலைக்கு உயர்ந்தமை இங்கு நோக்கத்தக்கது.

1923ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக் கழகத்தைக் கற்பிக்கும் நிறுவனமாகவும் திருத்தி அமைத்தது. 1924ஆம் ஆண்டில் எஸ். ஆர். அரங்கநாதன் நூலகராய் அமர்ந்தார். கணித ஆசிரியராய் இருந்த அவர், நூல்களை வகைப்படுத்துதலை ஓர் அறிவுத் துறையாகவே ஆக்கினார். அவர்தம் நூலக விதிகள் 1931இலும், கோலன் பகுப்புமுறை 1933இலும் வெளிவந்தன. 1927ஆம் ஆண்டில் கீழ்த்திசை மொழிகளுக்கு ஆராய்ச்சி நிறுவனம் தோன்றிற்று. 1952இல் இயற்பியல் துறைக்கு வந்த ஜி. என். இராமச்சந்திரன், தசைநார்ப் புரதமாகிய கொல்லாசெனின் முப்புரி அமைப்பை 1954இல் வெளியிட்டார்; புரதங்களின் வடிவை ஆராய்தற்கு இன்றும் பயன்படும் அவர்தம் வரைபடம் 1963இல் வெளிவந்தது.

5. தமிழ்ப் பேரகராதி

மேற்கூறியவற்றுள் தமிழாராய்ச்சிக்கு அடிப்படையாய் நிற்பது தமிழ்ப் பேரகராதி. 1913ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்கச் சமயப் பணியாளர் சே. எஸ். சாந்தலரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இப்பணி தொடங்கிற்று. மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதராய் உழைத்தார். 1926ஆம் ஆண்டில் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. பின்னர் அநுபந்தத் தொகுதியும் வந்தது. ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் இதன்கண் உள. ஓரிலட்சம் ரூபாயில் முடியும் எனத் தொடக்கத்தில் மதிப்பிடப்பெற்ற இப்பணிக்கு நான்கு இலட்சத்துக்கு மேல் செலவாயிற்று.

பேரகராதியின் சிறப்பு சொற்றொகையில் மட்டும் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் கூறி, அப்பொருளுக்கு இலக்கிய மேற்கோள் காட்டும் முறையே அதன் உயிர்நாடி. நிகண்டு பொருளைச் சொல்லும். பேரகராதி பொருளுக்குச் சான்றும் காட்டும். சான்று காட்டியதனால் மறுப்புக்கும் அஃது இடந்தந்தது. தேவநேயப் பாவாணர் இதன் சொற்பிறப்பு முடிபுகளையும், தமிழ்ச் சொற்களை வடசொல்லாகக் கொண்டமையையும் கடுமையாக மறுத்தார். அம்மறுப்பின் வழியே 1974ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசின் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் அவர் தலைமையில் தோன்றிற்று. இஃது பேரகராதிக்கு இழுக்காகாது. தேர்வு மதிப்பெண் இட்டவுடன் முடிவது; ஆராய்ச்சியோ மறுக்கப்பெற்று மேலும் வளர்வது. மறுப்பினை ஈன்ற நூல் தன் கடமையைச் செய்த நூலே.

6. தமிழ்த்துறையும் ஆய்வு மொழியும்

கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனத்தில் தமிழுக்கு இடம் கிடைத்தபின், கே. என். சிவராச பிள்ளை பண்டைத் தமிழர் காலவரையறை பற்றிய நூலை 1932ஆம் ஆண்டில் வெளியிட்டார். வையாபுரிப் பிள்ளை, ரா. பி. சேதுப்பிள்ளை, மு. வரதராசனார் ஆகியோர் வழிவழியே துறைத் தலைமை பூண்டனர். ஊர்ப்பெயர்களைக் கொண்டு வரலாறு காணும் சேதுப்பிள்ளையின் நூல் 1946இல் வெளிவந்தது. மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருளை ஆய்ந்து 1948இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஈண்டு ஒன்று கருதுதற்குரியது. சிவராச பிள்ளையின் நூலும், வரதராசனாரின் ஆய்வேடும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றவை. ஆராயப்பெற்ற பொருள் தமிழ். ஆராய்ச்சியின் மொழி வேறு. இதனால் தமிழாய்வு பிற நாட்டறிஞர் அவைக்குச் சென்றது உண்மையே. ஆனால் ஏட்டோடும் உரையோடும் வாழ்ந்த தமிழ்ப் புலவர் பலர், தம் மொழியைப் பற்றிய ஆராய்ச்சியைத் தாமே படித்து மதிப்பிட இயலாதவராயினர் என்பதும் உண்மை. பல்கலைக் கழகம் நடத்திய வித்துவான் தேர்வு ஒரு சாராரை உருவாக்கிற்று. ஆராய்ச்சிப் பட்டம் வேறொரு சாராரை உருவாக்கிற்று. இவ்விரு சாராரும் ஒரே மொழியில் உரையாடத் தொடங்கியது, ஆய்வேடுகள் தமிழில் எழுதப்பெறத் தொடங்கிய பின்னரே ஆகும்.

7. தாயும் சேயும்

சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஆள்நிலம் காலந்தோறும் சுருங்கி வந்துள்ளது. மைசூர் 1916இலும், ஆந்திரா 1926இலும், அண்ணாமலை 1929இலும், திருவிதாங்கூர் 1937இலும் தனிப் பல்கலைக் கழகங்களைப் பெற்றன. ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராய் இருந்தார். அக்காலத்திலேயே 1966இல் மதுரை பிரிந்தது. 1978இல் பொறியியற் கல்வி அண்ணா பல்கலைக் கழகத்தின்பாற் சென்றது. 1982இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக் கழகமும், கோவையில் பாரதியார் பல்கலைக் கழகமும் தோன்றின. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக் கழகம் எழுந்தது. தென்னாடு முழுவதும் பரந்திருந்த எல்லை, சென்னையும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களும் என்னும் அளவில் நின்றது.

இதனைத் தேய்வு எனக் கருதுவோர் உளர். தேர்வு மன்றம் என்னும் நோக்கில் அஃது தேய்வே. தேர்வுக் கட்டணமும் கல்லூரி இணைப்புக் கட்டணமும் பல்கலைக் கழக வருவாயின் நெடுங்காலத் தூண்கள் ஆதலின், எல்லை குறையின் வருவாயும் குறையும். 1981ஆம் ஆண்டில் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி அக்குறையைச் சில காலம் ஈடுசெய்தது. அண்மை ஆண்டுகளில் பல்கலைக் கழகம் பொருள் நெருக்கடிக்கு உள்ளானமை யாவரும் அறிந்ததே. ஆராய்ச்சிக்கு வேண்டும் பொருளைத் தேர்விலிருந்து ஈட்டும் அமைப்பில், தேர்வு தளரின் ஆராய்ச்சியும் தளரும். இஃது அந்நிறுவனத்தின் பிறப்பிலேயே அமைந்த இடர் என்க.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சென்னைப் பல்கலைக் கழகம் அளக்கும் மன்றமாய்ப் பிறந்து, ஆராயும் கழகமாய் வளர்ந்தது என்பதும், அவ்வளர்ச்சி சட்டங்களால் மட்டுமன்றி, விதிக்கு அப்பால் நோக்கிய அறிஞர் சிலரால் நிகழ்ந்தது என்பதும் பெறப்படும். அதன் முத்திரையில் பொறிக்கப்பெற்ற இலத்தீன் தொடர், கல்வி உள்ளுறை ஆற்றலை வளர்க்கும் என்னும் கருத்துடையது. 1857ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றலைக் கண்டறிதலையே கூறிற்று. முத்திரையோ வளர்த்தலைக் கூறுகின்றது. அதன் வரலாறு முழுவதும் இவ்விரண்டற்கும் இடையே நிகழ்ந்த இயக்கமே ஆகும்.

இவ்வியக்கம் முடிந்துவிட்டதன்று. முதுகலை மாணாக்கர் எழுதும் ஆய்வேடும் பட்டத்திற்குரிய இன்னொரு தேர்வுத்தாளாய்ச் சுருங்கிவிடுதல் கூடும். பகுதி படித்துப் பகுதி எழுதி அமைதலும் கூடும். எல்லையாலும் தேர்வாலும் வந்த பெருமை குறைந்துள்ள இந்நாளில், தென்னாட்டின் தாய்ப் பல்கலைக் கழகத்திற்கு எஞ்சியிருக்கும் செல்வம் அதன் ஆராய்ச்சியே. பேரகராதி வெளிவந்தபின் அச்சேறிய சுவடிகளும், படிக்கப்பெற்ற கல்வெட்டுகளும், தொகுக்கப்பெற்ற வட்டார வழக்குகளும் மிகப் பல. அவற்றுள் உள்ள சொற்கள் மேற்கோளுடன் அகராதியில் ஏறுதற்குக் காத்திருக்கின்றன. ஓரிலட்ச மதிப்பீட்டில் தொடங்கிய பணிக்கு நான்கு இலட்சம் செலவாயினும் கைவிடாத அன்றைய கழகத்தாரின் உறுதியே, இன்று அப்பணியைத் தொடர்வோர்க்கு வேண்டுவதாகும்.